பைத்தானா, ஜாவாவா?

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் "கம்ப்யூட்டர் நிரல் எழுதக் கற்க பைத்தான் மொழியில் ஆரம்பிக்கட்டுமா, ஜாவாவிலா?" என்று கேட்டாய். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஞாபகம் வந்தது.

பைத்தானிலேயே ஆரம்பி. அதற்கு மேல் அதில் ஆராய்ச்சி வேண்டாம். ஒரு மொழி கைக்கு வந்துவிட்டால் அடுத்தது சீக்கிரமே வந்துவிடும். நானே நாலைந்து மாறிவிட்டேன். உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது.

பைத்தானைத் திறந்து 0.1 + 0.2 என்று அடித்துப் பார். 0.30000000000000004 என்று வரும். மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் போகிறதல்லவா, 0, 1 இரண்டை மட்டுமே வைத்து எழுதும் கம்ப்யூட்டரின் இரும எண்களில் 0.1-க்கும் அதே கதிதான். எங்கோ ஓரிடத்தில் வெட்டி வைத்துக்கொள்கிறது.

இது தெரியாமல் முதல் வேலையில் நான் இரண்டு நாள் தூங்கவில்லை. பில் தொகையைச் சிலர் இரண்டு தவணையாகக் கட்டியிருந்தார்கள். திரையில் பாக்கி 0.00. ஆனால் அந்தப் பில்களில் சில மட்டும் 'பாக்கி' பட்டியலைவிட்டுப் போகவே இல்லை. நானோ நிரல் முழுவதையும் மேலிருந்து கீழே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சீனியர் வந்து உட்கார்ந்தார். "எல்லாத்தையும் மூடு. தப்பு வர்ற ஒரே ஒரு பில்லை எடு. ஒவ்வொரு வரியா என்ன நடக்குதுன்னு எனக்குச் சொல்லு" என்றார். பாக்கி சுழியமா என்று பார்க்கும் வரி வந்ததும் என் வாய் நின்றுவிட்டது. திரையில்தான் 0.00, உள்ளே அந்த வெட்டின் மிச்சம் ஒரு துளி ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன்பிறகு பணத்தைப் பைசாவாக்கி முழு எண்ணாகத்தான் வைக்கிறேன்.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கில்லை. 1996-இல் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி 40 வினாடிகூட ஆவதற்குள் வெடித்தது. ஏரியன் 4-க்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு 64 பிட் எண்ணை (பிட் என்பது ஒரு 0 அல்லது 1 வைக்கும் இடம்) 16 பிட்டில் அடைக்கும் இடம் ஒன்று இருந்தது. பழைய ராக்கெட்டில் அடங்கிய எண், புதியதன் வேகத்துக்கு அடங்கவில்லை.

உனக்கும் முதல் நாளே வெற்றுத் திரையைக் கொடுத்து எழுதச் சொல்ல மாட்டார்கள். யாரோ எழுதிவிட்டுப் போன பழைய நிரல்தான் வரும், "இதைத் தொடாதே" என்று நடுவில் எழுதி வைத்த குறிப்போடு. எழுதுவதைவிடப் படிப்பதே அதிகம். இப்போது ஏஐ நொடியில் எழுதித் தருகிறதே, இனி நான் எதற்கு என்றும் கேட்டாய். அது எழுதியதையும் யாராவது படித்துத்தானே ஆகவேண்டும்?

சான்றிதழ்களை அடுக்காதே, அம்மாடி. உனக்கோ உன் தோழிக்கோ தினமும் உதவுகிற மாதிரி ஒரு சின்ன நிரல் எழுது. அது உடையும். எப்படி உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒரு நோட்டில் குறித்து வை. இன்டர்வியூவில் என் எதிரே உட்காருகிறவர்களிடம் நான் கேட்பது அதைத்தான். பாதிப் பேர் முழிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. எழுதியதைத் திறந்து வைத்துக்கொள். நான் எதுவும் சொல்ல மாட்டேன், நீ வரி வரியாகச் சொல்லு.

அன்புடன்,
அப்பா