நான்கு வயதுக்கும் ஆறு வயதுக்கும் எது போதும்

சியாங் மாய், தாய்லாந்து,
மார்ச் மாதம்

அன்புள்ள மீனாட்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா இப்போது கைப்பிடியைப் பிடிக்காமலேயே மாடிப்படி ஏறுகிறார் என்று படித்தபோது மனம் லேசாயிற்று. கோடை விடுமுறையில் அவரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இங்கே வரப்போவதாக நீ எழுதியதிலிருந்து, என் மகள் யாருக்கு எந்த அறை என்று தினமும் ஒரு புதிய பட்டியல் போடுகிறாள். நேற்றைய பட்டியலில் எனக்கும் அவள் அப்பாவுக்கும் கூடத்துத் தரைதான் கிடைத்தது.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பட்டாயாவிலுள்ள ராமாயணா நீர்ப் பூங்காவின் படங்களைப் பார்த்துவிட்டு, பாங்காக்கில் இறங்கியதும் பிள்ளைகளுக்காக ஒரு நாள் அங்கே போகலாமா என்று உன் கணவர் கேட்பதாக எழுதியிருந்தாய். தாய்லாந்தில் பெரிய நீர்ப் பூங்காக்களுக்குக் குறைவே இல்லை. பாங்காக்கில் 1980-இலிருந்து இயங்கும் சுவான் சியாமின் அலைக்குளம் மட்டுமே 13,600 சதுர மீட்டர் பரப்புள்ளது. கின்னஸ் புத்தகத்திலும் இடம்பெற்றது. ஹுவா ஹின்னில் வானா நவா இருக்கிறது. எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நான்கு வயதும் ஆறு வயதுமான பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அவை வேண்டாம் என்பதே என் முடிவான எண்ணம்.

காரணத்தைச் சொல்கிறேன். படத்தில் பார்த்து உன் மகன் ஆசைப்படும் உயரமான சறுக்குகளின் அடிவாரத்தில் ஓர் அளவுகோல் நிற்கும். குறிப்பிட்ட உயரம் இல்லாத குழந்தையை மேலே விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆகவே ஒருவருக்கு, இந்த நாட்டு நாணயமான பாட்டில், ஆயிரத்துக்கு மேல் கட்டி உள்ளே போன பிறகும், பிள்ளைகள் நாள் முழுவதும் முழங்காலளவு தண்ணீரில்தான் விளையாடுவார்கள். அந்த முழங்காலளவு தண்ணீர் நூறு பாட்டுக்கும் கிடைக்கிறது. இதைவிடப் பெரிய சங்கடம், கொடுத்த பணத்தை வசூலித்துவிட வேண்டும் என்ற நினைப்பு பெரியவர்கள் மனத்தில் புகுந்துகொள்வது. பிற்பகல் இரண்டு மணிக்குக் குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு அழும். மாலை வரை இருந்தால்தானே கட்டணத்துக்கு நியாயம் என்று நாம் இழுத்துப்பிடிப்போம். போதாக்குறைக்கு, கல்யாண மண்டபத்தில் பிள்ளையைத் தேடுவதுபோல, ஒரே நிறத் தொப்பிகளும் ஒரே நிற டியூப்களும் நிறைந்த கூட்டத்தில் நம் குழந்தையின் தலையைக் கண்ணால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும்.

நாங்கள் வழக்கமாகப் போகும் பூங்கா நகரின் சுற்றுச்சாலையைத் தாண்டி, நெல்வயல்களுக்கும் லாங்கன் பழத் தோப்புகளுக்கும் நடுவே இருக்கிறது. பூங்கா என்ற பெயரே அதற்குச் சற்று அதிகம். ஆழம் குறைந்த குழந்தைகள் குளம் ஒன்று, பெரியவர்களுக்கு மார்பளவு வரும் குளம் ஒன்று, நான்கைந்து சறுக்குகள், சாயம் வெளுத்த ஒரு ஃபைபர் யானை, சுற்றிலும் தகரக் கூரை போட்ட திண்ணைகள். அவற்றை இங்கே சாலா என்பார்கள். பாய் விரித்த அந்தத் திண்ணையில் ஓரிடத்தில் உட்கார்ந்தால் இரண்டு குளங்களும், எல்லாச் சறுக்குகளும், கழிப்பறை வாசலும்கூட ஒரே பார்வையில் அடங்கிவிடும். உன் அம்மாவால் நடக்காமலேயே இரண்டு பேரப்பிள்ளைகளையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க முடியும். சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு இதைவிட வேறு வசதி வேண்டுமா என்று எனக்குத் தோன்றவில்லை.

நுழைவாயிலில் குழந்தைகளுக்கான கட்டணத்தை வயதைக் கேட்டு வாங்குவதில்லை. உயரத்தை அளந்துதான் வாங்குகிறார்கள். தொண்ணூறு சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம், அதற்கு மேல் குழந்தைக் கட்டணம், பிறகு பெரியவர் கட்டணம் என்று சுவரில் கோடு போட்டிருக்கும். சென்ற முறை என் மகள் தான் வளர்ந்துவிட்டதைக் காட்டுவதற்காகக் குதிகாலைத் தூக்கி நின்றாள். மேல்கோட்டைத் தொட்டுவிட்டால் பெரியவர் கட்டணம் ஆயிற்றே என்று நான் அவள் தோளை அழுத்திக்கொண்டிருந்தேன். சீட்டுக் கொடுக்கும் அம்மாள் எழுந்து வந்து, அவள் தலையில் உள்ளங்கையை வைத்து மெதுவாகக் கீழே இறக்கி, கோட்டுக்கு இரண்டு விரற்கடை குறைவு என்று சைகையால் காட்டிச் சிரித்தார். மகள் அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

இந்த நாட்டில் சுற்றுலாத் தலங்கள் பலவற்றில் வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம், உள்ளூர்க்காரருக்கு ஒரு கட்டணம் என்று இரண்டு இருக்கும். உள்ளூர்க் கட்டணத்தைத் தாய்லாந்து எழுத்து எண்களில் எழுதிவிடுவதால், வருகிறவர்களுக்கு அது எண் என்பதே தெரியாது. இங்கேயே குடியிருப்பவர்கள் தாய்லாந்து ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால் சில இடங்களில் குறைத்துக்கொள்வார்கள். ஊர்க்காரர்களை நம்பி நடக்கும் இந்தச் சிறிய இடங்களில் அந்தத் தொந்தரவு எனக்கு நேர்ந்ததில்லை. நுழைவு, பிள்ளைகளுக்கு வாடகை டியூப், லாக்கர், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்கள் நால்வருக்கும் எழுநூறு பாட்டைத் தாண்டுவதில்லை. ஒரு பாட் இரண்டரையிலிருந்து மூன்று ரூபாய்க்குள் என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள். லாக்கருக்குக் கட்டும் முன்பணத்தைச் சாவியைக் கொடுத்துத் திரும்ப வாங்க மறக்காதே; ஈரத் துணியும் பசித்த பிள்ளைகளுமாகக் கிளம்பும் அவசரத்தில் அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

குழந்தைகள் குளத்தின் நடுவில் ஒரு கம்பத்தின் உச்சியில் பெரிய வாளி ஒன்று தொங்குகிறது. குழாயிலிருந்து தண்ணீர் விழுந்து அது நிறைய நிறைய ஒருபக்கமாகச் சாயத் தொடங்கும். இன்னும் கொஞ்சம் சாய்ந்ததும் பிள்ளைகள் எல்லாம் எங்கிருந்தாலும் ஓடிவந்து அதன் கீழே கூடிவிடுவார்கள். கவிழும் கணத்தில் எழும் கூச்சலுக்கு மொழி தேவைப்படுவதில்லை. என் மகன் அந்த வாளிக்கு நேர் கீழே நிற்கவே மாட்டான். ஒரு கை தூரம் விலகி, தோள்களைக் காதுவரை ஏற்றிக்கொண்டு, கண்களை இறுக மூடி நின்று, தெறிக்கும் சாரலை மட்டும் வாங்கிக்கொள்வான். பிறகு ஓடிவந்து, முழு வாளியும் தன் தலையில்தான் விழுந்தது என்று எங்களிடம் சொல்வான். நாங்களும் நம்புகிறோம். பெரிய பூங்காவில் அவனுக்கு இந்த அளவு துணிச்சலுக்குக்கூட இடம் கிடைத்திருக்காது, ஏனென்றால் அங்கே வாளியும் பெரிது, அதன் கீழே நிற்பவர்களும் பெரியவர்கள்.

உடை பற்றி நீ தயங்கி எழுதியிருந்ததைப் படித்தேன்; கவலையே வேண்டாம். தாய்லாந்துப் பெண்களில் பெரும்பாலோர் வெயிலுக்கும் கூச்சத்துக்குமாகச் சேர்த்துக் கைநீண்ட சட்டையும் அரைக்கால் சட்டையும் அணிந்தே தண்ணீரில் இறங்குகிறார்கள். உடம்பு தெரியும் நீச்சலுடையில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர்களாகவே இருப்பார்கள். ஆனால் துணியின் வகையைப் பார்ப்பார்கள்: பருத்தித் துணியோடு குளத்தில் இறங்கக் கூடாது என்பது பல இடங்களில் விதி, சில இடங்களில் தலைக்குத் தொப்பியும் கேட்பார்கள். நைலான் அல்லது லைக்ரா கலந்த, உடலை மூடும் உடை உங்கள் எல்லோருக்கும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு வா. அங்கே கிடைக்காவிட்டால் இங்குள்ள பேரங்காடிகளில் மலிவாகவே கிடைக்கும். பிள்ளைகளுக்கு ரப்பர் செருப்பும் வேண்டும், பகல் பதினொரு மணிக்கு மேல் ஓடு பதித்த தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது.

சாப்பாட்டை வெளியிலிருந்து கொண்டுபோகப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. உள்ளே இருக்கும் கடையில் சுட்ட கோழியும், சின்ன மூங்கில் கூடையில் வேகவைத்த ஒட்டும் அரிசிச் சோறும், முட்டை போட்டு வறுத்த சோறும் கிடைக்கும். அம்மாவுக்கு அசைவம் ஆகாது என்பதால் அவருக்கு மட்டும் தயிர்ச்சாதம் எடுத்துப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். முதியவர்களுக்கு இந்த ஊரில் தனி மரியாதை உண்டு. காய்கறி என்று கேட்டு வாங்கினாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள் என்பதால் அவர் விஷயத்தில் நான் கடையை நம்புவதில்லை.

இனி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று. இந்த நாட்டில் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்புக்கான முதன்மைக் காரணங்களில் நீரில் மூழ்குவது நெடுங்காலமாகவே இருந்துவருகிறது. பெரும்பாலான விபத்துகள் நேர்வது ஊர்க்குளங்களிலும் கால்வாய்களிலும்தான். பள்ளி விடுமுறை தொடங்கும் சமயம் என்பதால் மார்ச் மாதத்து முதல் சனிக்கிழமையை இதற்கான விழிப்புணர்வு நாளாகவே வைத்திருக்கிறார்கள். யாராவது மூழ்கினால் கூச்சலிட்டு ஆளைக் கூப்பிடு, மிதக்கும் பொருளை எறி, கொம்பையோ கயிற்றையோ நீட்டு, நீயாகக் குதிக்காதே என்று என் மகளுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சிறிய பூங்காவில் உயிர்காப்பாளர் என்று ஓர் இளைஞன்தான் இருப்பான், அவன் கையில் பெரும்பாலும் கைபேசியும் இருக்கும். அவனை இல்லாதவனாகவே வைத்துக்கொள். காற்றடைத்த டியூப் விளையாட்டுச் சாமான், பாதுகாப்புச் சாதனமன்று. சிறு குழந்தை அதன் நடுவழியாகச் சத்தமே இல்லாமல் நழுவிவிடும். அளவு பொருந்தும் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு, அதன் பிறகும் உன் மகளிடமிருந்து கை எட்டும் தூரத்திலேயே நீயோ உன் கணவரோ தண்ணீரில் நிற்க வேண்டும்.

தண்ணீரின் சுத்தத்தை அறிய ஒரு வழி வைத்திருக்கிறேன். ஆழமான குளத்தின் அடித்தரையில் ஓடுகளின் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சீட்டு வாங்காமலே திரும்பிவிடுவோம். மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை சுத்தத்தின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் பொருள்களின் வாடை அது. நன்றாகப் பராமரிக்கும் குளத்தில் அவ்வளவு நாற்றம் வராது. மழைக்காலத்தில் கை, கால், வாய்ப்புண் நோய் மழலைப் பள்ளிகளில் பரவுவதுண்டு என்பதால், பிள்ளைகள் வாயில் தண்ணீரை ஊற்றிக் கொப்பளித்து விளையாடாமல் பார்த்துக்கொள்.

நீங்கள் வரும் நாளைப் பற்றியும் யோசித்தேன். இதை எழுதும் இந்த நாள்களில் நாங்கள் ஜன்னல்களைச் சாத்திவைத்துக் காற்றுச் சுத்திகரிப்பானை ஓடவிட்டிருக்கிறோம். காடுகளிலும் வயல்களிலும் எரியும் தீயின் புகையால் எதிரே இருக்கும் தோய் சுதேப் மலையே தெரியவில்லை. இந்தப் புகை ஏப்ரலிலும் நீடிக்கும், அப்போது குழந்தைகளை வெளியே விளையாட விடுவது சரியன்று. ஏப்ரல் 13 தொடங்கி இங்குள்ள புத்தாண்டான சொங்க்ரான் பண்டிகை. ஊரே தண்ணீரை வாரி இறைக்கும் வேடிக்கை நன்றாக இருக்கும் என்றாலும் கூட்டத்தில் உன் அம்மா திணறிப்போவார். டிசம்பர், ஜனவரியில் காலைக் குளிரில் வெந்நீர் இல்லாத குளத்தில் இறங்கினால் பிள்ளைகளுக்குக் கால்மணி நேரத்தில் உதடு நீலம் பாய்ந்துவிடும். மே மாதத்தின் பிற்பகுதிதான் எல்லாவற்றுக்கும் பொருந்திவருகிறது. முதல் மழைகள் பெய்து புகை அடங்கியிருக்கும், மே நடுவில் இங்குள்ள பள்ளிகள் திறந்துவிடும், உங்கள் பள்ளிகளுக்கோ அப்போதும் விடுமுறை. வார நாளில் போனால் பூங்காவில் நாமும், கிளம்பி வந்த ஏதோ ஒரு மழலைப் பள்ளியின் ஒரே நிறச் சட்டைப் பிள்ளைகளும் மட்டுமே இருப்போம். மழை பெரும்பாலும் மாலையில்தான் பிடிக்கும். காலை பத்து மணிக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்பிவிடலாம். இடிச்சத்தம் கேட்டால் அந்தக் கைபேசி இளைஞன்கூட விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றிவிடுகிறான் என்பதை அவனுக்கு வரவாக எழுதிவிடுகிறேன்.

ராமாயணாவை நான் ஒரேயடியாக மறுக்கவில்லை என்று உன் கணவரிடம் சொல். பிள்ளைகள் இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் வளர்ந்தபின், சறுக்கின் உச்சியில் தாமாகவே வரிசையில் நிற்கும் வயது வந்ததும், எல்லோருமாகப் போகலாம். அன்று நீயும் நானும் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்போம். இப்போது பாங்காக்கில் தங்கும் நாளை மிச்சப்படுத்தி நேராக இங்கே வந்துவிடுங்கள்.

விமானச் சீட்டு எடுக்கும் முன் தேதியை எனக்கு எழுது. உங்கள் வைகாசி விசாகத்தை ஒட்டி வரும் பௌர்ணமியில்தான் இங்கே புத்தரைப் போற்றும் விசாக பூஜைக்குப் பொது விடுமுறை விடுவது வழக்கம். அன்று பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போனால் கால் வைக்க இடமிருக்காது. அந்த ஒரு நாளை அம்மாவோடு தோய் சுதேப் கோயிலுக்கு ஒதுக்கிவிட்டு, பூங்காவை அதற்கு முந்தைய செவ்வாயிலோ புதனிலோ வைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு என் வணக்கங்களைச் சொல்.

அன்புடன்,
உன் கலா