அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை

அனுப்புநர்:
வாராவாரம் உங்கள் கடைக்கு வரும் வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்

பொருள்: விலைச் சீட்டுக்கும் பில்லுக்கும் உள்ள வித்தியாசம், கையால் எழுதிய அட்டைகளையும் தேதி நெருங்கிய பொருட்களின் அலமாரியையும் எடுத்துவிட்டது, இன்னும் சில குறைகள் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் கிளை எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. வீட்டு மளிகையில் பெரும்பகுதி அங்கேதான் வாங்குகிறோம், இனியும் அங்கேதான் வாங்குவோம். கடையை மாற்றப் போகிறவராக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

முதலில் விலைச் சீட்டு. அலமாரியில் காபித் தூளுக்குக் கீழே ஆஃபர் விலை ஒட்டியிருந்தது. பில்லில் முழு விலை வந்தது. கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "சிஸ்டத்துல இப்படித்தான் காட்டுது" என்றார். பிறகு ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லி, வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தார். மரியாதையாகவே நடந்துகொண்டார், அவர்மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அடுத்த வாரம் போனபோதும் அதே சீட்டு அதே இடத்தில் இருந்தது. கேட்ட எனக்குப் பணம் திரும்பி வந்தது. கேட்காமல் போனவர்களுக்கு?

இது காபித் தூளோடு நிற்கவில்லை. சலவைத் தூளில் நடந்தது, சமையல் எண்ணெயில் நடந்தது. ஒவ்வொரு முறையும் பில்லில்தான் அதிகம், ஒருமுறைகூடக் குறைவாக வந்ததில்லை. யாரும் திட்டமிட்டு ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. காரணம் சாதாரணமானதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். ஆஃபர் தொடங்கும் நாளில் சீட்டு ஒட்டாவிட்டால் சரக்கு போகாது, அதனால் உடனே ஒட்டிவிடுகிறார்கள். முடியும் நாளில் கம்ப்யூட்டரில் விலை தானாக மாறிவிடுகிறது, காகிதம் தானாக மாறாது. அதைக் கிழிக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் அந்த நேரத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கிறார். ஆகவே தவறு எப்போது நடந்தாலும் லாபம் உங்கள் பக்கம்தான் சாய்கிறது. அதனாலேயே அதைச் சரிசெய்ய உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் அவசரம் இல்லை என்பது என் சந்தேகம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரே உள்ளே போய்ப் பொருளை எடுத்துக்கொள்ளும் முறையைப் பெரிய அளவில் பரப்பியவர் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துக் கிளாரன்ஸ் சாண்டர்ஸ். ஆண்டு 1916. அதுவரை மேசைக்குப் பின்னால் நிற்கிறவரிடம் கேட்டால் அவர் எடுத்துக் கொடுப்பார், விலையையும் அவரே சொல்வார். அந்த ஆளை எடுத்துவிட்டதால்தான் ஒவ்வொரு பொருளிலும் விலையைக் காட்ட வேண்டிய கட்டாயம் வந்தது. 1974-ல் ஒஹாயோ மாநிலத்து டிராய் நகரில் ஒரு கடையில், சூயிங்கம் பாக்கெட்டில் இருந்த இன்றைய வகைப் பார்கோடு முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. அதன் பிறகு மெல்ல மெல்லக் கடைக்காரர் ஒவ்வொரு பொருளின் மேலும் தன் விலையை ஒட்டும் வழக்கம் பல இடங்களில் போய்விட்டது. இப்போது கடை வாங்கும் விலை கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது, அதை எங்கள் கண்ணுக்குக் காட்டுவது அலமாரியில் இருக்கும் அந்தச் சின்னக் காகிதம் மட்டும். அதுவும் பொய் சொன்னால் நாங்கள் எதை வைத்துக் கணக்குப் போடுவது?

அடுத்தது உங்கள் சொந்த பிராண்டு ஓட்ஸ். இந்தக் கடையில் நான் கண்டுபிடித்த நல்ல பொருட்களில் அதுவும் ஒன்று. விளம்பரப்படுத்தப்படும் பிராண்டுகளைவிட விலை குறைவு, ருசியில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேரை வாங்க வைத்திருக்கிறேன். அந்தப் பாக்கெட் சத்தமில்லாமல் 500 கிராமிலிருந்து 450 கிராமாகிவிட்டது. அதே உயரம், அதே படம், அதே விலை. முன்பக்கத்தில் "புதிய தோற்றம்" என்று வேறு போட்டிருக்கிறீர்கள். அளவு 10 சதவீதம் குறைந்தால் கிராமுக்குக் கொடுக்கும் விலை 11 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறது. விலையை நேராக ஏற்றியிருந்தால் முணுமுணுத்துக்கொண்டே வாங்கியிருப்பேன். விலைச் சீட்டில் 100 கிராமுக்கு என்ன விலை என்று பெரிதாகப் போட்டாலே போதும், எந்தப் பாக்கெட் எவ்வளவு சுருங்கினாலும் நாங்கள் பார்த்துக்கொள்வோம். சில பொருட்களுக்கு அப்படிப் போடுகிறீர்கள். ஓட்ஸுக்கு இல்லை.

ஃப்ரீசர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உறைந்த பட்டாணிப் பாக்கெட்டைக் குலுக்கினால் மணிமணியாக ஓட வேண்டும். உங்கள் கடையில் பல நேரம் அது ஒரே கட்டி. ஒருமுறை இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் வேகவைத்தால் கொழகொழவென்று போகிறது. ஃப்ரீசரின் உள்சுவரில் இதற்கு மேல் அடுக்காதே என்று ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்கு மேலே அடுக்கியதற்கு –18 டிகிரிக் குளிர் எட்டாது. ஆஃபர் நாட்களில் அந்தக் கோடே கண்ணுக்குத் தெரிவதில்லை. உருளைக்கிழங்கையும் விளக்கு வெளிச்சத்துக்கு நேர் கீழே கொட்டி வைக்கிறீர்கள். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும், கூடவே சோலனின் என்ற கசப்பு நச்சும் கூடும். மேலே ஒரு சாக்குத் துணி போட எவ்வளவு செலவாகும்?

இனி எனக்குப் பிடித்தவை. இதையும் புகார்க் கடிதத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிடித்தவற்றில் இரண்டை எடுத்துவிட்டீர்கள்.

காய்கறிப் பிரிவில் இருக்கும் ஊழியர் ஒருவர் அட்டையில் கையால் எழுதி வைப்பார். "இந்த வாரம் ஆரஞ்சு கொஞ்சம் புளிப்பு, ஜூஸுக்கு நல்லது." "இந்த வாழைப்பழம் நாளைக்குள் சாப்பிடவும்." எந்தக் கடையில் ஐயா தன் சரக்கைப் பற்றி இப்படி எழுதுவார்கள்? அந்த அட்டையை நம்பி நான் வாங்கியது ஒருநாளும் வீணானதில்லை. புளிப்பு என்று எழுதிய ஆரஞ்சையே ஜூஸுக்கென்று நிறைய வாங்கியிருக்கிறேன். இப்போது அந்த அட்டைகளைக் காணோம். கேட்டால், எல்லாக் கிளைகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், கையெழுத்து கூடாது என்று மேலிடத்து உத்தரவாம். அதற்குப் பதில் "புத்தம் புதியது" என்று அச்சடித்த பெரிய பேனர் தொங்குகிறது. அதன் கீழே கீரை மஞ்சளாகக் கிடக்கிறது. பழுக்கும் பழங்களிலிருந்து எத்திலீன் வாயு வரும், அது கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும். அதனால் அந்த ஊழியர் ஆப்பிளையும் கீரையையும் தள்ளித் தள்ளி வைப்பார். எதை எங்கே வைப்பது என்று மேலிடம் அனுப்பிய புதிய வரைபடத்தின்படி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.

இரண்டாவது, தேதி நெருங்கிய பொருட்களைக் குறைந்த விலைக்கு வைக்கும் அலமாரி. கடைக்குள் நுழைந்ததும் நான் முதலில் போவது அங்கேதான். "இந்தத் தேதிக்கு முன் உண்பது சிறந்தது" என்பது தரத்தைப் பற்றிய பேச்சு. மறுநாளே பிஸ்கட் விஷமாகிவிடாது, மொறுமொறுப்பு குறையலாம், அவ்வளவுதான். பாதுகாப்புக்காகப் போடும் கடைசித் தேதி வேறு, அதைத் தாண்டி யாரும் சாப்பிடக் கூடாது. உங்கள் ஊழியர்கள் இரண்டையும் கலக்காமல், சிவப்புப் பேனாவால் தேதியைப் பெரிதாக எழுதி வைப்பார்கள். நல்ல சீஸ், ரொட்டி, ஜாம் எல்லாம் அங்கே வாங்கியிருக்கிறேன். கையில் காசு குறைவாக இருக்கும் மாதக் கடைசியில் எத்தனையோ பேர் அங்கே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். போன மாதம் அந்த இடத்தில் குளிர்பான பாட்டில்களைக் கோபுரமாக அடுக்கிவிட்டார்கள். தேதி நெருங்கிய பொருட்கள் எங்கே போகின்றன என்று கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

வேண்டிய அளவு அள்ளிக்கொள்ளும் தானியத் தொட்டிகள் இன்னும் இருக்கின்றன. பழையதன் மேல் புதியதைக் கொட்டாமல், தொட்டியைக் காலி செய்து துடைத்துவிட்டு நிரப்புவதை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

நான் கேட்பது இவைதான். ஆஃபர் முடியும் இரவிலேயே சீட்டுகளைக் கிழிக்க ஓர் ஆளையும் அதற்கான நேரத்தையும் ஒதுக்குங்கள். அலமாரி விலையும் பில் விலையும் வேறுபட்டால், கேட்டாலும் கேட்காவிட்டாலும் குறைந்த விலைதான் என்று கவுண்ட்டரில் எழுதி வையுங்கள். எல்லாப் பொருளுக்கும் 100 கிராம் விலையைப் போடுங்கள். தேதி அலமாரியைத் திரும்ப வையுங்கள், குளிர்பானத்துக்கு வேறு இடம் கிடைக்கும். அப்புறம், அந்தக் காய்கறி ஊழியரிடம் அவருடைய பேனாவைத் திருப்பிக் கொடுங்கள். இந்தக் கடிதத்தைக் காட்டி அவரை யாரும் விசாரிக்க வேண்டாம், நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

பில்களின் நகலும் விலைச் சீட்டின் புகைப்படமும் இணைத்திருக்கிறேன். சமாதானமாக என் கார்டில் பாயிண்ட்ஸ் ஏற்ற வேண்டாம். எது முடியும், எது முடியாது என்று எழுத்தில் பதில் வேண்டும். முடியாது என்றால் அதற்கான காரணத்தையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல்கள், விலைச் சீட்டின் புகைப்படம்