பிழை யாருடையதாக இருந்தாலும் முதலில் உங்கள் காப்புறுதிக்கே அழையுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ‘நோ-ஃபோல்ட்’ (no-fault) கார் காப்புறுதியை எங்கள் ஆட்கள் பலர் பிழையாகவே விளங்கி வைத்திருக்கிறார்கள். “இடிச்சது அவர், அவருடைய கொம்பனி தரட்டும்” என்று சிலர் காத்திருக்கிறார்கள். “யாரிலும் பிழை வராது, கட்டணமும் ஏறாது” என்று வேறு சிலர் நம்புகிறார்கள். இரண்டுமே தவறு.

‘நோ-ஃபோல்ட்’ என்றால், யார் இடித்தாலும் நீங்கள் பணம் கேட்பது உங்கள் சொந்த நிறுவனத்திடம் என்பதுதான். காயம் என்றால் 7 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். காயத்துக்கான நலன்களைக் கேட்கும் விண்ணப்பமான ஓசிஎஃப்-1 (OCF-1) படிவம் கைக்கு வந்து 30 நாளுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். மற்றவருடைய நிறுவனத்தின் அழைப்பை எதிர்பார்த்திருந்தால் இந்த நாட்கள் கைநழுவிப் போகும். காரே இல்லாத பெற்றோர் உங்கள் காரில் வந்து காயப்பட்டாலும் வழி உண்டு: அவர்கள் வேறெந்தப் பொலிசியிலும் அடங்காவிட்டால், ஏறியிருந்த காரின் காப்புறுதியிடம் கேட்கலாம்.

பிழை மட்டும் எங்கும் மறைந்துவிடாது. மாகாண ஒழுங்குவிதியில் உள்ள படங்களோடு உங்கள் விபத்தைப் பொருத்திப் பார்த்து, யாருக்கு எத்தனை வீதம் என்று நிறுவனம் தீர்மானிக்கும். பின்னால் இடித்தவருக்கு 100 வீதம். லேன் மாறும்போது பக்கத்துக் காரில் பட்டால் மாறியவருக்கு 100 வீதம். பனி, வழுக்கல், மங்கிய வெளிச்சம் எதையும் அந்த விதிகள் கணக்கில் எடுப்பதில்லை. பலருக்குக் கோபம் வருவதும் இங்கேதான். உங்கள் பக்கம் பிழை விழுந்தால் அடுத்த புதுப்பிப்பில் கட்டணம் ஏறக்கூடும். ஆகவே இரண்டு காரும் நின்ற இடத்தையும் லேன் கோடுகளையும், பாதுகாப்பாக எடுக்க முடிந்தால், காரை நகர்த்த முன்னரே படம் எடுத்து வையுங்கள்.

உங்களில் பிழையில்லாத விபத்தில் உங்கள் காருக்கு வந்த சேதத்துக்குப் பணம் தரும் காப்புறுதிப் பகுதி டிசிபிடி (DCPD). 2024 ஜனவரி 1 முதல் அதை விலக்கிவிடலாம். தயவுசெய்து விலக்காதீர்கள். விலக்கியபின் ஒருவர் பின்னால் வந்து இடித்தால் கார் திருத்தும் செலவு முழுவதும் உங்கள் தலையில். அவர்மீது வழக்கும் போட முடியாது.

2026 ஜூலை 1 முதல், விபத்துக் காயத்தால் வேலை செய்ய முடியாதபோது கிடைக்கும் வருமான இழப்பீடும் கட்டாயமல்ல, விரும்பினால் வாங்கலாம் என்றாகிறது. அடிப்படையில் அது மொத்த வருமானத்தின் 70 வீதம், கிழமைக்கு உச்சம் 400 டொலர். வேலையிடத்தில் வேறு பாதுகாப்பில்லாத டாக்ஸி, டிரக் ஓட்டுநர்கள் சில டொலரை மிச்சம் பிடிக்க இதை வெட்டிவிடக் கூடாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ