விலையைக் குறைத்தும் வாடிக்கையாளர் திரும்பி வராதது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையின் வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை பகுதிச் சிறு கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டது, ஆன்லைன் விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று வியாபாரிகள் வருந்துவதைத் தங்கள் நாளிதழ் வெளியிட்டிருந்தது. விலைப் போட்டி கடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் பத்து ரூபாய் குறைத்துக் கொடுக்கும் கடையை ஜனங்கள் தாண்டிப் போவதும், பத்து ரூபாய் கூட வாங்கும் கடையில் நின்று வாங்குவதும் இதே தெருக்களில் அன்றாடம் நடக்கிறது. அதன் காரணம் புரியாமல் விலையை மட்டும் வெட்டிக்கொண்டே போனால் லாபமும் போகும், ஆளும் போவார்கள்.

ஒரு பொருளுக்காகத் தன் கையைவிட்டுப் போனதையும் கைக்கு வந்ததையும் வாங்குபவர் மனதுக்குள் எடைபோட்டுப் பார்க்கிறார். இப்படி அவர் தானே போடும் மதிப்பைத்தான் 1988-ல் அமெரிக்கப் பேராசிரியர் வாலரி ஸைதம்ல் தன் கட்டுரையில் விளக்கினார். கையைவிட்டுப் போவதில் ரூபாய் ஒரு பங்குதான். அலைச்சல், காத்துக் கிடந்த நேரம், ஏமாந்துவிடுவோமோ என்ற பயம், மாற்றக் கேட்டால் கடைக்காரர் நாலு பேர் முன்னால் முகம் சுளிப்பாரோ என்ற கூச்சம், எல்லாம் அந்தக் கணக்கில் ஏறுகின்றன. விலைச்சீட்டில் இவை அச்சாவதில்லை என்பதால் கடைக்காரர் கண்ணில் படுவதில்லை.

காசிமேட்டில் மீன் வாங்குவதையே எடுத்துக்கொள்வோம். ஒரு கடையில் வஞ்சிரம் கிலோ 800 ரூபாய், வெட்டுக்கூலி கிலோவுக்கு 40 ரூபாய் தனி. பக்கத்துக் கடையில் கிலோ 850 ரூபாய், வெட்டுக்கூலி அதிலேயே அடக்கம். 2 கிலோ வாங்கினால் முதல் கடையில் 1,680 ரூபாய், இரண்டாவதில் 1,700. தலை, குடல், செதில் போக 1 கிலோ 400 கிராம் நின்றது என்று வைத்தால், சட்டிக்கு வரும் மீன் ஒரு கடையில் கிலோ 1,200 ரூபாய், மற்றதில் 1,214. அதாவது இரண்டாவது கடைதான் கொஞ்சம் விலை கூட. இருந்தும் மனக்குறையோடு போகிறவர் பெரும்பாலும் முதல் கடையில் வாங்கியவர்தான். 1,600 என்று மனதில் பதிந்த பிறகு பையை நீட்டும்போது இன்னொரு 80 கேட்டால், அது தனி நஷ்டமாகக் குத்துகிறது. நூறு ரூபாய் கிடைத்த சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் போன வலி பெரிது என்பதை 1979-ல் உளவியல் அறிஞர்கள் கானமன், ட்வெர்ஸ்கி இருவரும் கோட்பாடாகவே எழுதினார்கள். அதன் மேல் 1985-ல் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் சொன்ன வழி கடைக்காரர்களுக்கு நேரடியாக உதவும்: வாங்குபவருக்கு வலிக்கிற தொகைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே முறை சொல்ல வேண்டும், மகிழ்ச்சி தருகிறவற்றைத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். காய்கறிக் கடையில் காசு வாங்கிப் பெட்டியில் போட்ட பிறகு ஒரு கொத்து கறிவேப்பிலையைக் கொசுறாகப் பையில் போடுகிறார்களே, அது இந்த விதிதான். அதே கறிவேப்பிலையை விலையோடு சேர்த்துச் சொல்லியிருந்தால் யாருக்கும் நினைவில் நிற்காது.

எடை விஷயம் இதைவிட முக்கியம். தட்டில் ஐஸ் துண்டும் தண்ணீரும் தேங்கி நிற்கும்போதே மீனை வைத்தால், 50 கிராம் சத்தமில்லாமல் ஏறிவிடும். கிலோ 800 ரூபாய் மீனில் அது 40 ரூபாய். வேண்டுமென்று செய்யாவிட்டாலும், வீட்டில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தவர் மறுபடி அந்தப் பக்கம் வரமாட்டார். செய்ய வேண்டியது எளிது. தட்டைச் சாய்த்து நீரை வடித்து, வாங்குபவர் கண் முன்னால் எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, தராசின் முகத்தை அவர் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். செவுளை அவரே தூக்கிப் பார்க்கட்டும். வெட்டிய பிறகு இன்னொரு தடவை நிறுத்து, “ஒண்ணு நானூறு நிக்குதும்மா, பாத்துக்கோ” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அரை நிமிஷ வேலை. தலையும் வாங்கியவருடையதுதான், அதை மறக்காமல் பையில் எடுத்துப் போடவும் வேண்டும். மின்னணுத் தராசுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம். அந்தச் சான்றிதழைக் கல்லாப்பெட்டிக்குள் மடித்து வைப்பதில் பயனில்லை, கண்ணில் படும்படி மாட்ட வேண்டும்.

விலை ஏறுவதாலும் வாடிக்கையாளர் எப்போதும் கோபிப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, வரத்து குறைகிறது, விலை ஏறுகிறது. அதை ஊரே ஏற்றுக்கொள்கிறது. காலை ஆறு மணிக்குச் சொன்ன விலையை எட்டு மணிக் கூட்டத்தைப் பார்த்து ஏற்றினால் அதே ஜனங்கள் கொதிக்கிறார்கள். தனக்குச் செலவு கூடியதால் ஏற்றுவது நியாயம், அடுத்தவர் அவசரத்தைப் பார்த்து ஏற்றுவது அநியாயம் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள் என்பது 1986-ல் வெளியான ஆய்விலும் தெரிந்தது. அதனால் ஏலத்தில் எடுத்த விலை கூடினால் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளில் நடப்பது வேறு. 1,200 ரூபாயை அடித்துவிட்டு 799 என்று எழுதிய சேலையை வாங்குபவருக்குச் சேலை ஒரு திருப்தி, 401 ரூபாய் மிச்சம் பிடித்தது இன்னொரு திருப்தி. அந்த இரண்டாவது திருப்தி பழைய விலை உண்மையாக இருக்கும்வரைதான். ஆடியிலும் 799, தீபாவளிக்கும் 799, தையிலும் 799 என்றால் சேலையின் விலையே 799 என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு 650-க்கு இறக்கினால்தான் ஆள் வரும். ஆனியில் முழு விலை கொடுத்தவர் ஆடியில் அதே சேலையைக் குறைந்த விலைக்குத் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தால் அடுத்த வருஷம் ஆனியில் வரவே மாட்டார். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியில்தான் திருப்தி பிறக்கிறது என்று 1980-ல் சந்தையியல் ஆய்வாளர் ரிச்சர்ட் ஆலிவர் எழுதினார். பெரிய பலகை வைத்து எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டு, உள்ளே சுமாரான சரக்கைக் காட்டினால் நல்ல சேலையும் மட்டமாகத் தெரியும். தள்ளுபடி கொடுக்கிற கடை, போன பருவத்தில் மீந்த சரக்கைத் தனி ராக்கில் பிரித்து வைத்து, ஏன் குறைத்தோம் என்பதையும் எழுதி வைக்கட்டும். கலர் ஒன்றுதான் மிச்சம், ஓரத்தில் நெசவுப் பிசிறு என்று உண்மையைச் சொன்னால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்கும் கூலியையும் பில் போடும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இன்னும் பல பில்களில் “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்று அச்சடித்திருப்பது எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் கொடுக்காததும் அப்படித்தான். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் யாரும் புகார் செய்யலாம். சட்டத்தை விட்டுவிட்டாலும், அந்த ஒரு வரி வாடிக்கையாளரிடம் சொல்வது இதுதான்: அளவு தவறினால், சாயம் போனால் நஷ்டம் உனக்கு. அந்தப் பயத்துக்கும் அவர் மனதில் ஒரு விலை போடுகிறார். ஆன்லைனில் வாங்குகிறவர்களில் பலர் தேடுவது 30 ரூபாய் மிச்சத்தைவிட, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்ற தைரியத்தைத்தான்.

மாற்றிக் கொடுக்கும் கடைகளும் ஓர் இடத்தில் கோட்டை விடுகின்றன. முதலாளி சம்மதித்திருப்பார், கவுன்ட்டரில் இருக்கும் பையனோ “ஓனர் வந்தாத்தான்கா” என்பான். கைக்குழந்தையோடு வந்த பெண் முக்கால் மணி நேரம் நிற்பார். சுடிதார் மாறியிருக்கும், மனம் மாறிப்போயிருக்கும். ஏழு நாள், பில்லும் டேக்கும் இருக்க வேண்டும், இந்தத் தொகை வரை கவுன்ட்டரிலேயே முடிவெடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பணம் கட்டும் வரிசையிலேயே மாற்ற வந்தவரையும் நிறுத்தக் கூடாது.

சிறு பாக்கெட் வாங்குகிறவரைக் கணக்குத் தெரியாதவர் என்று நினைக்கும் கடைக்காரர்களும் உண்டு. அன்றாடக் கூலி வாங்கும் வீட்டில் கையில் உள்ள பணத்துக்குள் அடங்குவதே பெரிய மதிப்பு. கடலூர்த் தொழில்முனைவர் சின்னி கிருஷ்ணன் பொருள்களைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்றது இதைப் புரிந்துகொண்டுதான். பல பாக்கெட்டுகளின் மேல் ஒரு கிராமுக்கு என்ன விலை என்பதும் இப்போது அச்சாகிறது. பெரிய பாக்கெட் எவ்வளவு லாபம் என்று அதைக் காட்டிச் சொல்லலாம், சிறியதை எடுத்தால் முகம் கோணக் கூடாது.

விசுவாசத்தைப் பற்றித்தான் வியாபாரிகள் அதிகம் ஏமாறுகிறார்கள். வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ மளிகைக் கடையில் கடன் நோட்டு வைத்திருக்கும் வீட்டார் மாதம் முழுக்க வருவார்கள். குறை சொல்ல மாட்டார்கள், பாக்கி இருக்கும்போது எப்படிச் சொல்வது? கடைக்காரர் அதைத் திருப்தி என்று எடுத்துக்கொள்கிறார். வேறு வழியில்லாமல் திரும்பத் திரும்ப வருவதும் விரும்பி வருவதும் ஒன்றல்ல என்று சந்தையியல் ஆய்வாளர்கள் டிக், பாசு இருவரும் 1994-ல் பிரித்துக் காட்டினார்கள். உங்கள் கடையில் எது என்று அறிய, ஒன்றாம் தேதியிலிருந்து பத்தாம் தேதி வரை நோட்டுக்காரர்கள் ரொக்கத்துக்கு என்ன வாங்குகிறார்கள் என்று தனியாகக் குறித்துப் பாருங்கள். கையில் காசு உள்ள நாட்களில் எண்ணெயும் பருப்பும் வேறிடத்தில் வாங்கி, பாக்கி தீர்க்க மட்டும் உங்களிடம் வந்தால், அந்த வீடு ஏற்கெனவே போய்விட்டது.

தூரமும் இப்படித்தான் ஆட்களைக் கட்டிவைத்திருந்தது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியதும், திருவொற்றியூர்க்காரருக்கு எம்.சி. ரோடும் பக்கமாயிற்று, நகரத்தின் மற்ற கடைத்தெருக்களும் பக்கமாயின. அலைச்சல் குறைந்தபோது, அலைச்சலுக்குப் பயந்து நின்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர்களை விலையால் இழுத்துவர முடியாது, அவர்கள் விலைக்காக வந்துகொண்டிருந்தவர்கள் அல்ல.

தங்கள் நாளிதழ் மீன் விலை நிலவரம் வெளியிடும்போது முழு மீன் விலையோடு வெட்டிய பிறகு கிலோ என்ன விலை விழுகிறது என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம். காசிமேட்டிலும் வண்ணாரப்பேட்டைச் சந்தையிலும் வாங்கியவர் தானே நிறுத்துப் பார்க்க, முத்திரையிட்ட பொதுத் தராசு ஒன்று நுழைவாயிலிலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கத் தொழிலாளர் துறையும் வியாபாரிகள் சங்கங்களும் ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு ஆடித் தள்ளுபடிப் பலகையின் செலவைவிட அதிகமாக இருக்காது.

இப்படிக்கு,
வணிகவியல் ஆசிரியர்கள் இருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.