அட்டையில் 5 லட்சம் இருக்கிறது, ஸ்டென்டுக்கு யார் பணம் கட்டுவது?

கேரள சுகாதாரத்துறை அமைச்சருக்கும் மாநில ஹெல்த் ஏஜென்சி அதிகாரிகளுக்கும்,

வணக்கம். பீர்மேடு, உடும்பஞ்சோலை, தேவிகுளம் தாலுகாக்களின் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை மனதில் வைத்து எழுதுகிறோம். ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைத்துக் கேரளம் நடத்தும் இலவச சிகிச்சைத் திட்டம் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா. மருத்துவமனைக் காப்பீட்டு மேசைகளில் அதன் அட்டையைப் பதிவு செய்யும் வேலை எங்களுடையது. இலவச சிகிச்சை வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அதற்கான செலவை வெளிப்படையாகச் சொல்லாமல் வாக்குறுதியை மட்டும் பெருக்குவதால் வரும் கேட்டைச் சொல்ல வந்திருக்கிறோம்.

2019 ஏப்ரலில் தொடங்கிய இத்திட்டத்தை 2020 ஜூலை முதல் காப்பீட்டு நிறுவனம் இல்லாமல் மாநில ஹெல்த் ஏஜென்சியே நடத்துகிறது. சுமார் 42 லட்சம் குடும்பங்கள், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். ஒன்றிய அரசோ தன் 60 விழுக்காட்டுப் பங்கை, தொடக்கத்தில், குடும்பத்துக்கு 1,052 ரூபாய் என்ற உச்சவரம்பில்தான் கணக்கிட்டது. அதாவது 631 ரூபாய், அதுவும் தன் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கான செலவும் வரம்பைத் தாண்டும் செலவும் மாநிலக் கருவூலத்தின் தலையில். கருவூலம் தடுமாறும்போது முதலில் நிற்பது மருத்துவமனைகளுக்கான இந்தப் பட்டுவாடாதான்.

பணம் நின்றால் என்ன ஆகிறது என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் செய்யும் சிகிச்சைக்கும் பேக்கேஜ் தொகை, அதாவது ஒவ்வொரு சிகிச்சைக்கும் திட்டம் நிர்ணயித்த தொகை, உண்டு. அது ஆஸ்பத்திரி வளர்ச்சிக் குழுவின் கணக்குக்கு வருகிறது. ஸ்டாக்கில் இல்லாத மருந்து, லேப் பரிசோதனைக்கான ரசாயனம் (ரீஏஜென்ட்), எலும்பு முறிவுக்கான பிளேட், தற்காலிக ஊழியர் சம்பளம் என எல்லாம் அந்தக் கணக்கை நம்பித்தான் ஓடுகின்றன. மாதக்கணக்கில் தொகை வராவிட்டால் ஸ்டென்டும் (இதய ரத்தக் குழாய் அடைப்பில் பொருத்தும் சிறு குழல்) பிளேட்டும் கொடுக்கும் சப்ளையர் கடனை நிறுத்திவிடுகிறார். பிறகு நோயாளியின் வீட்டாரிடம், "வெளியில் வாங்கி வாருங்கள்" என்று சொல்லத்தான் டாக்டருக்கு வழியிருக்கிறது. அட்டையில் 5 லட்சம் அப்படியே இருக்க, கையில் காசில்லாதவர் நகையை அடகு வைக்கிறார். தனியார் மருத்துவமனைக்கு இன்னொரு வழி உண்டு: அட்டைக்காரர் என்றதும் பெட் காலியில்லை என்று சொல்லிவிடலாம்.

விதி தெளிவாகவே இருக்கிறது. மருத்துவமனை பணம் கேட்டு அனுப்பும் உள்மாநில கிளெய்மை 15 நாளிலும், வேறு மாநில நோயாளிக்கான கிளெய்மை 30 நாளிலும் தீர்க்க வேண்டும். தாமதத்தில் மருத்துவமனையின் பங்கும் உண்டு. உள்ளே பொருத்திய பிளேட்டின் ஸ்டிக்கர், அறுவைக்குப் பிந்தைய எக்ஸ்ரே, கையொப்பமிட்ட டிஸ்சார்ஜ் சுருக்கம் இவற்றில் ஒன்று விடுபட்டாலும் கேள்வி எழுப்பித் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் எல்லாக் காகிதமும் சரியாக இருக்கும் கிளெய்மும் அதே வரிசையில் காத்துக்கிடப்பதற்குக் காரணம் காகிதமல்ல, பணம்.

ஆந்திரத்தைப் பாருங்கள். 2023 டிசம்பரில் அந்த மாநிலத்தின் இலவச சிகிச்சைத் திட்டமான ஆரோக்கியஸ்ரீயின் வரம்பை 25 லட்சமாக்கினார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் பாக்கித் தொகை கேட்டுத் தனியார் மருத்துவமனைகள் சேவையை நிறுத்தின. எண் பெரிதாவதால் சிகிச்சை பெரிதாவதில்லை.

அட்டை தொடாத செலவும் இருக்கிறது. அட்மிஷனுக்கு 3 நாள் முந்தைய பரிசோதனை, டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் மருந்து, அவ்வளவுதான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரை, நோய் என்னவென்று தெரியும் முன் எடுக்கும் ஸ்கேன், மலையிறங்க ஜீப் வாடகை எல்லாம் கைக்காசு. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் அந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. தொழிலாளியை ஆஸ்பத்திரி வரை போகவிடாமல் காப்பது அந்த மாத்திரைதான். ஒரு பக்கவாத அட்மிஷனுக்கு ஆகும் தொகையில் எத்தனை வீட்டுக்கு அதைக் கொடுக்கலாம் என்று உங்கள் அதிகாரிகளே கணக்கிடட்டும்.

எல்லை எங்களுக்குத் தனிச் சிக்கல். குமுளியிலிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரியைவிடத் தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரி பக்கம். ஒன்றியப் பட்டியலில் உள்ள குடும்பம் எந்த மாநிலத்திலும் சிகிச்சை பெறலாம். மாநிலம் தன் செலவில் சேர்த்த குடும்பத்துக்கு அந்த உறுதி இல்லை. தான் எந்த வகை என்பது அட்டைக்காரருக்கே தெரியாது, தேனி மேசையில் போய் நின்ற பிறகுதான் தெரிகிறது. பெயர்ச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஆதாரில் இனிஷியலோடு இருக்கும் பெயர், ரேஷன் அட்டையில் மலையாள எழுத்தில் தகப்பன் பெயரோடு நீண்டிருக்கும். இரண்டும் பொருந்தாமல் பதிவு மேலதிகாரியின் ஒப்புதலுக்குப் போய்க் காத்துக்கிடக்கிறது. மாரடைப்போடு வந்தவருக்கு அந்த நேரம் கிடையாது.

ஆகவே, வரம்பை உயர்த்துவதற்கும் புதுக் குடும்பங்களைச் சேர்ப்பதற்கும் முன், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாக என்பதை மாதந்தோறும் வெளியிடுங்கள். அரசுத் தாலுகா ஆஸ்பத்திரிகளின் கிளெய்மை முதலில் தீருங்கள். அட்டை எந்த வகை என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் அதிலேயே அச்சிடுங்கள். தேனியில் அனுமதிக்கப்படும் இடுக்கி நோயாளிகளுக்காகத் தமிழ்நாட்டு அதிகாரிகளுடன் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் செய்யுங்கள். பெயர்த் திருத்தத்துக்குத் தோட்டங்களிலேயே முகாம் போடுங்கள். சம்பள நாளில் போட்டால் எல்லோரும் வருவார்கள்.

இப்படிக்கு,
இடுக்கி எல்லையோரக் காப்பீட்டு மேசைப் பணியாளர்கள்