நாவல், பாலைக் கன்றுகளுக்கு நாம் எதை ஊட்டுகிறோம்?

ஆசிரியர் அவர்கட்கு,

மாரிமழை நெருங்கும் இவ்வேளையில் பாடசாலைகளும் ஆலயங்களும் மரக்கன்று வழங்கும் ஏற்பாடுகளில் இறங்கியிருக்கின்றன. தேக்கும் மலைவேம்பும் போதும் என்றிராமல் நாவல், விளாத்தி, பாலை, முரலி, கொறுக்காய் என நம் மண்ணின் பழமரங்களைக் கேட்டு வாங்குவோரையும் இப்போது காண முடிகிறது. ஆனால், பைக்குள் இருப்பது என்ன, அதில் கன்றுக்கு உணவு இருக்கிறதா என்று வழங்குவோரும் கேட்பதில்லை, வாங்குவோரும் கேட்பதில்லை.

சென்ற ஆண்டு கொழும்பின் புறநகரிலுள்ள நாற்றுமேடை ஒன்றில் ஆறு நாவல் கன்றுகள் வாங்கினேன். முற்றிய இலைகள் யாவும் மஞ்சளித்திருந்தன. "முழுக்கச் சேதன முறை, ஐயா" என்றார் விற்றவர். அது பொய்யன்று. பையைக் கிழித்துப் பார்த்தபோது தும்புத்தூளும் பச்சை மரத்தூளுமே இருந்தன. மரத்தூளில் ஒரு பங்கு நைதரசனுக்கு 300 பங்குக்கும் மேற்பட்ட காபனும், தும்புத்தூளில் ஏறத்தாழ 100 பங்கு காபனும் உண்டு. இவற்றைச் சிதைக்கும் நுண்ணங்கிகள் தமக்கு வேண்டிய நைதரசனைச் சுற்றியுள்ள ஈரத்திலிருந்து முதலில் எடுத்துக்கொள்வதால், கன்று பட்டினி கிடக்கிறது; கிடைக்காத நைதரசனைத் தன் பழைய இலைகளிலிருந்து உருவி இளந்தளிருக்கு அனுப்புவதால்தான் அடியிலைகள் முதலில் வெளுக்கின்றன. நன்கு முதிர்ந்த கூட்டெருவில் இந்த விகிதம் 20க்குக் கிட்டவே இருக்கும். கையை விட்டால் சூடு தட்டும் கூட்டெரு இன்னும் முதிரவில்லை. அதைப் பைக்குள் இடுவதும் பட்டினிக்கே வழி. தும்புத்தூளை நான் குறை சொல்லவில்லை. ஈரத்தைப் பிடித்து வைப்பதில் அதற்கு இணை அரிது. ஆயினும் உவர்நீரில் ஊறிய மட்டையின் தூளானால் நல்ல நீரில் இரண்டு மூன்று தடவை அலசாமல் பயன்படுத்தக் கூடாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வவுனியாவிலுள்ள என் மைத்துனர், கன்று சீக்கிரம் உயர வேண்டும் என்று பாலைக் கன்றுகளின் அடியில் யூரியாவை அள்ளிப் போட்டார். பாலை இயல்பாகவே மிக மெதுவாக வளரும் மரம். சப்போட்டா ஒட்டுவதற்கு அதை அடிக்கட்டையாக வளர்க்கும் இந்திய நாற்றுமேடைக்காரர்களும் இதைத்தான் அலுத்துக்கொள்வார்கள். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் இருப்பதால், சிறிய பையொன்றில் சிட்டிகை கூடினாலே வெளிப்படும் அமோனியா வேர்நுனியைக் கருக்கிவிடும். தப்பிய கன்றுகள் தண்டும் இலையுமாகத் தளதளவென்று உயர்ந்தன. அந்த இலைப்பாரத்துக்கு நீர் தர வேர் போதவில்லை. நட்ட பின் வந்த முதல் வெயிலிலேயே அவை சாய்ந்தன.

2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதிக்கு விதிக்கப்பட்டு அதே ஆண்டிலேயே விலக்கப்பட்ட தடைக்குப் பின், நம்மவர்கள் பசளையைப் பற்றிப் பேசினாலே கட்சி பிரிந்துகொள்கிறார்கள். நாற்றுப் பைக்குள் அந்தக் கட்சிப் பிரிவினைக்கு இடமில்லை. வெள்ளவத்தையில் என் மொட்டைமாடியில் மேல்மண் இரண்டு பங்கு, முதிர்ந்த கூட்டெரு ஒரு பங்கு, அலசிய தும்புத்தூள் ஒரு பங்கு எனக் கலக்கிறேன். நாவல் விதை இரண்டு வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழக்கத் தொடங்குமாதலால் பழம் தின்ற கையோடு ஊன்றிவிடுகிறேன். நாலைந்து இலை விரிந்த பிறகே, ஒரு லீற்றர் நீருக்கு ஒரு கிராம் யூரியா என்ற அளவில் கரைத்து, ஈரமாயிருக்கும் பைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுகிறேன். நடுவதற்கு ஒரு மாதம் முன்பே அதையும் நிறுத்தி, கன்றை வெயிலுக்குப் பழக்குகிறேன். யூரியாவை விரும்பாதவர்கள் கிளிசரிடியா இலையை ஊறவைத்த நீரைப் பயன்படுத்தலாம். அதன் அளவைக் கணிப்பதுதான் சிரமம்.

கன்று வழங்கும் அமைப்புகள் உயரத்தை மட்டும் பார்த்துக் கொள்வனவு செய்யாமல், பையிலுள்ள மண்கலவையின் விவரத்தையும் கடைசியாகப் பசளையிட்ட நாளையும் நாற்றுமேடைக்காரரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். உள்நாட்டுப் பழமரங்களுக்கான நாற்றுமேடைக் குறிப்பொன்றை விவசாயத் திணைக்களம் தமிழிலும் அச்சிட்டு, மழைக்கு முன்னரே கமநல சேவை நிலையங்களில் கிடைக்கச் செய்தால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.