தம்பிக்கு, ஒண்ணும் கேக்க மாட்டேன்

தம்பி,

பணம் வந்துச்சு. அப்பாவுக்கு கண்ணு ஆபரேஷன் நல்லா முடிஞ்சிது, சொட்டு மருந்து ஊத்திகினு இருக்காரு, அதெல்லாம் அக்கா சொல்லி இருப்பா. நான் எழுதறது வேற. பாப்பா முதல் தடவயா நன்மை வாங்குன புதுநன்மை அன்னிக்கு இராயப்பர் கோயில்ல எல்லாரும் ஃபாதர் கிட்ட நன்மை அப்பம் வாங்க எழுந்தோம், நீ மட்டும் காலை ஒதுக்கி எங்களுக்கு வழி விட்டுட்டு பெஞ்சுலயே உக்காந்துட்ட, போனை பாக்குற மாதிரி. ஸ்க்ரீன் ஆஃப்ல இருந்துச்சுடா, நான் பாத்தேன்.

வீடு நிறைய சொந்தக்காரங்க, அதுல உன் மாமியார் வேற, அதான் அன்னிக்கு கேக்கல. இப்பவும் கேக்கல. இன்னா பாவம் பண்ணிட்டு நன்மை வாங்காம இருந்தன்னு எனக்கு தெரியவே வேணாம். ஆனா காலைல பூசை உதவிக்கு நான் எழுப்பாமலே ஓடின புள்ள நீ, உன்ன காட்டித்தான் தெருவுல மத்த புள்ளைங்கள திட்டுவாங்க, நீயே உக்காந்துட்டன்னா எனக்கு எப்டிடா தூக்கம் வரும்.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஃபாதர் கிட்ட பாவத்த சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணணும்னு மறைக்கல்வில படிச்சிட்டு வந்து எனக்கே ஒப்பிச்சவன் நீ. இங்க நம்ம ஃபாதர் கிட்ட வெக்கமா இருந்தா அங்கயே போ, துபாய் செயின்ட் மேரீஸ்ல தமிழ் பூசை இருக்குன்னு நீதான சொன்ன. உன் மூஞ்சி தெரியாத ஃபாதரா பாரு. போலீஸ் கேட்டாலும் கோர்ட் கேட்டாலும் அவரு வாயத் தொறக்கக் கூடாது, தொறந்தா அவரயே திருச்சபைய விட்டு விலக்கிடுவாங்க. பாவத்துக்கு வருந்தி சொல்ற மனஸ்தாப மந்திரம் மறந்துட்டேன்னு சொன்னா அவரே சொல்லிக் குடுப்பாரு, அதுக்கு பயந்துகினு போகாம இருக்காத. போ.

நம்ம இராயப்பரயே எடுத்துக்கோ, அதான் ஆண்டவரோட சீடர் பேதுரு, கரி நெருப்புல குளிர் காஞ்சிகினே ஆண்டவர மூணு தடவ தெரியாதுன்னாரு. அப்புறம் பைபிள்ல யோவான் 21 படி. ராத்திரி பூரா வலை போட்டு ஒண்ணும் மாட்டாம அல்லாடின இராயப்பருக்கும் கூட இருந்தவங்களுக்கும் ஆண்டவரு கரையில அதே மாதிரி கரி நெருப்பு போட்டு மீன் சுட்டு வெச்சிகினு, சாப்பிட வாங்கன்னுதான் கூப்புட்டாரு. ஏன்டா அப்டி சொன்னன்னு ஒரு வார்த்த இல்ல. சாப்ட்டு முடிச்சப்புறம்தான் என்மேல அன்பு இருக்கான்னு கேட்டாரு, அதையும் மூணு தடவ. காசிமேட்டுல வெறும் வலையோட வந்தா யாருடா இப்டி சுட்டு வெப்பாங்க, ஏசத்தான் செய்வாங்க.

நேரத்துக்கு சாப்புடு. ஃபாதர் பாவசங்கீர்த்தனம் கேக்க எப்ப உக்காருவாருன்னு முன்னாடியே கோயில் ஆபீஸ்ல கேட்டுக்கோ. மருமவ கிட்ட இத காட்டாத. போயிட்டு வந்தா ‘போனேன்’னு மட்டும் மெசேஜ் போடு, போன்ல சொல்லாத, அப்பா ஸ்பீக்கர்லதான் போடுவாரு.

அம்மா